ஒரு பெயர், இரு மதிப்பு: இந்திய, இலங்கை ரூபாய்களின் மாற்று வீதமும் தாயகம் திரும்பியோர் சேமிப்பும் (1872–1984)

ஆய்வுச்சுருக்கம்

இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சம மதிப்புடையனவாக இருந்தன. 1966 ஜூன் 6ஆம் நாள் அச்சமநிலை முறிந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் இலங்கை ரூபாயின் மதிப்பு 1.57 இந்திய ரூபாய் வரை உயர்ந்து, பின்னர் அரை ரூபாய் அளவுக்கு இறங்கியது. இதே காலப்பகுதியில்தான் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வொப்பந்தத்தின் சொத்துப் பிரிவு சமநிலைக் காலத்தில் எழுதப்பட்டு, சமநிலை முறிந்த பின்னர் நடைமுறைக்கு வந்தது என்பதையும், அதனால் ஒரே தொகையைச் சேமித்த குடும்பங்கள் புறப்பட்ட ஆண்டைப் பொறுத்து வேறுபட்ட தொகைகளைப் பெற நேர்ந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ரூபாய், நாணயமாற்று வீதம், பணமதிப்புக் குறைப்பு, மலையகத் தமிழர், தாயகம் திரும்பியோர், ஊழியர் சேமலாப நிதி.

முன்னுரை

மலையகத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் கையாளும் ஆவணங்களில் மிகுதியாகப் பயிலும் சொற்களுள் ஒன்று ‘ரூபாய்’. கங்காணி தந்த முன்பணம், தோட்டத்துரை வழங்கிய கூலி, ஊருக்கு அனுப்பிய பணம், கப்பலேறும்போது கையிலிருந்த சேமிப்பு ஆகிய அனைத்தும் ரூபாயிலேயே பதிவாகியுள்ளன. அது எந்த நாட்டு ரூபாய் என்ற வினாவைப் பெரும்பாலான ஆவணங்கள் எழுப்புவதில்லை. எழுதியவர்களுக்கு அவ்வினா தேவைப்படவில்லை. இக்கட்டுரையாளரும் தமது ஆய்வின் தொடக்கத்தில், தோட்டக் கூலியையும் தமிழகத்து வேளாண் கூலியையும் ஓர் அட்டவணையின் ஒரே நிரலில் இட்டு ஒப்பிட்டதுண்டு. 1950களுக்கு அந்த ஒப்பீடு பொருந்தும், 1970களுக்குப் பொருந்தாது. அந்தப் பிழையைத் திருத்த முற்பட்டபோது எழுந்ததே இக்கட்டுரை.

நாணயமாற்று வீதம் என்பது பொருளியலாளர்க்குரிய துறை என்று வரலாற்றாய்வாளர் ஒதுங்கிவிடுவது வழக்கம். கடல்கடந்த உழைப்பின் வரலாற்றில் அவ்வாறு ஒதுங்குவதற்கு இடமில்லை. உழைத்த நாடும் செலவழித்த நாடும் வேறாகும்போது, உழைப்பின் பயனை இறுதியாக அளப்பது அவ்வீதமே.

ஒரே வெள்ளி நாணயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் கணக்குகள் பவுண்டு, ஷில்லிங், பென்சில் எழுதப்பட்டன. கைமாறியதோ பெரும்பாலும் இந்திய வெள்ளி ரூபாய். காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளைத் திரட்டவும் அவர்களுக்கு அரிசி வாங்கவும் தேவைப்பட்ட பணம் தென்னிந்தியாவிலிருந்தே வந்தது. 1872 ஜனவரி 1 முதல் ரூபாயே இலங்கையின் கணக்கு நாணயமாகவும் சட்டபூர்வ நாணயமாகவும் ஆனது. ஆனால் இலங்கை அந்த ரூபாயை அணாவாகப் பிரிக்காமல் நூறு சதமாகப் பிரித்துக்கொண்டது. இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 வரை நீடித்தது. ஆகவே எண்பத்தைந்து ஆண்டுகள் முழு ரூபாய் இருகரையிலும் ஒன்றாகவும், சில்லறை வேறாகவும் இருந்தன. ஓர் அணா ஆறேகால் சதம். தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் உணர்ந்திருக்கக்கூடிய நாணய வேறுபாடு இவ்வளவே.

180 கிரெய்ன் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் கொண்ட அந்த ரூபாய்க் காசு, பாக்கு நீரிணையைக் கடக்கும்போது மாற்றப்பட வேண்டிய பணமாகவே இருக்கவில்லை. இடுப்பில் முடிந்து சென்ற காசு, இறங்கிய இடத்தில் அப்படியே செல்லுபடியானது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் இணைப்புத் தொடங்கியபோதும் இந்நிலை மாறவில்லை.

தாள் பணத்தின் வரலாறு இதினின்று வேறுபட்டது. காப்பிப் பயிர் நோயுற்று வீழ்ந்த பின், இலங்கையில் தாள் வெளியிட்டுவந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவ்வங்கித் தாள்களுக்கு அரசின் உறுதியளித்துப் பீதியைத் தணித்தார். அவ்வாண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாணய ஆணையாளர் சபை அமைந்து, அரசே தாள் வெளியிடத் தொடங்கியது. ஆயினும் அந்தத் தாள் குறித்தது இந்திய ரூபாயையே.

பவுண்டுடனான ரூபாயின் உறவில் இவ்வமைதி இல்லை. 1870களின் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய், உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தமையால் 1890களின் நடுவில் ஏறத்தாழ ஒரு ஷில்லிங் ஒரு பென்சு வரை இறங்கியது. 1893 ஜூனில் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்க மறுத்து மூடப்பட்டன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்சில் நிலைபெற்றது. கூலியை ரூபாயில் கொடுத்துத் தேயிலையை லண்டனில் பவுண்டுக்கு விற்ற தோட்ட உரிமையாளர்க்கு ரூபாயின் வீழ்ச்சி ஆதாயமாகவும், எழுச்சி இழப்பாகவும் அமைந்தது. தொழிலாளியின் கூலியோ சேமிப்போ இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையில் இவ்வலைவுக்கு உட்படவில்லை. இரு கரைகளிலும் வீழ்ந்ததும் எழுந்ததும் ஒரே ரூபாய்.

சட்டத்தில் பிரிவு, மதிப்பில் ஒருமை

1941ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இலங்கை ரூபாயைத் தனி அலகாக்கியது. 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்தின்படி 1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி செயற்படத் தொடங்கியது. அரசியலிலும் இக்காலம் பிரிவின் காலம்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மனிதர்கள் பிரிக்கப்பட்ட அவ்வேளையில் நாணயங்களின் மதிப்பு மட்டும் பிரியாதிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1949 செப்டம்பரில் பிரித்தானியா பவுண்டின் மதிப்பை 30.5 விழுக்காடு குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் அதே அளவில் தத்தம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தன. இரண்டும் டாலருக்கு 4.76 என்ற ஒரே எண்ணில் நின்றன. இலங்கை ரூபாய்க்குக் குறிக்கப்பட்ட 2.88 கிரெய்ன் தங்கமும் இந்திய ரூபாய்க்குரிய 0.1866 கிராம் தங்கமும் ஒரே எடையே. இச்சமநிலை தானாக அமைந்துவிடவில்லை. அதே செப்டம்பரில் பாகிஸ்தான் தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்க மறுத்தது. நூறு பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய் ஆகியது. அவ்வீதத்தை ஏற்க இந்தியா மறுத்தமையால் சணல் வணிகம் நிலைகுலைந்தது. 1951 பிப்ரவரியில்தான் இந்தியா அதை ஏற்றது. இலங்கையுடன் இத்தகைய பிணக்கு எழவில்லை. எழாமையால், அது எழக்கூடும் என்ற எண்ணமும் எழவில்லை போலும்.

1964: நாலாயிரம் ரூபாய்

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றோராக மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய தீர்வு ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. இவ்வெண்ணிக்கைகளைப் பற்றிய விவாதம் ஆய்வுலகில் விரிவாக நிகழ்ந்துள்ளது. ஒப்பந்தத்தின் பணம் சார்ந்த பிரிவு அத்துணைக் கவனம் பெறவில்லை.

அப்பிரிவு கூறுவன இரண்டு. முதலாவது, இந்தியா செல்வோர் இறுதியாகப் புறப்படும்போது சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட தம் சொத்துகளை எடுத்துச் செல்ல இலங்கை அரசு இசையும். இரண்டாவது, ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு ரூ. 4,000க்குக் கீழ் குறைக்கப்படலாகாது. ஒவ்வொரு குடும்பத்திடமும் நாலாயிரம் ரூபாய் இருந்ததென்று இதற்குப் பொருளில்லை. அரசு விதிக்கும் வரம்பு அதற்குக் கீழே போகக்கூடாது என்பதே பொருள். இலங்கையில் கடுமையான செலாவணிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் இதை ஒரு பாதுகாப்பாகவே கருத வேண்டும்.

ஆயின் அது எதனைப் பாதுகாத்தது? ‘ரூ. 4,000’ என்ற குறியீட்டில் நாட்டின் பெயர் இல்லை. இலங்கை அரசு விதிக்கும் வரம்பு ஆதலின் அது இலங்கை ரூபாயே என்று கொள்வது பொருத்தம். 1964இல் இரு ரூபாய்களும் சமமாதலின், பெயர் குறித்தாலும் குறிக்காவிட்டாலும் தொகை ஒன்றே. பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டிய ஓர் ஒப்பந்தத்தில் மாற்று வீதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமைக்கு இச்சமநிலையே காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தொண்ணூறு ஆண்டுகள் அசையாதிருந்த ஒன்றை இரு தரப்பு அலுவலரும் நிலப்பரப்பைப் போல் நிலையானதென எடுத்துக்கொண்டனர். நிலப்பரப்பும் நிலையாக இருக்கவில்லை: ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன், டிசம்பர் புயலில் தனுஷ்கோடித் துறை அழிந்தது. தாயகம் திரும்பியோர் இறங்கியது இராமேசுவரத்தில்.

1966 ஜூன் 6

1962, 1965ஆம் ஆண்டுப் போர்களும் வறட்சியும் வெளிநாட்டு உதவியின் தடையும் இந்தியச் செலாவணி இருப்பைக் கரைத்திருந்தன. இந்திரா காந்தியின் அரசு, நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி வாயிலாக, ரூபாயின் மதிப்பை 36.5 விழுக்காடு குறைத்தது. டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாகவும், பவுண்டு 13.33 ரூபாயிலிருந்து 21 ரூபாயாகவும் உயர்ந்தன. காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசர் இம்முடிவை எதிர்த்தமை அரசியல் வரலாற்றில் அறியப்பட்டதே.

டட்லி சேனநாயக்காவின் இலங்கை அரசு இம்முறை இந்தியாவைப் பின்தொடரவில்லை. பவுண்டு அசையாதிருந்தமையால் அதற்கான கட்டாயமும் இல்லை. ஆகவே ஜூன் 6 முதல் ஓர் இலங்கை ரூபாய் 1.575 இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று. ஒப்பந்தத்தின் நாலாயிரம், இந்திய மண்ணில் 6,300 ஆகியது.

தேயிலை வணிகத்தில் இதன் விளைவு வேறு. லண்டன் சந்தையில் இந்தியாவும் இலங்கையும் போட்டியாளர்கள். மதிப்புக் குறைப்பால் கிடைக்கும் திடீர் ஆதாயத்தை உறிஞ்சும் பொருட்டு இந்தியா தேயிலை, சணல் முதலியவற்றின் மீது ஏற்றுமதி வரி விதித்தது. எனினும் இலங்கைத் தேயிலைக்கு அழுத்தம் தோன்றியது. 1967 நவம்பர் 18ஆம் நாள் பவுண்டின் மதிப்பு 14.3 விழுக்காடு குறைக்கப்பட்டபோது, அதற்கடுத்த சில நாள்களில் இலங்கை தன் ரூபாயை அதனினும் மிகுதியாக, 20 விழுக்காடு குறைத்தமைக்கு இவ்வழுத்தமும் ஒரு காரணம் எனலாம். டாலர் 5.95 இலங்கை ரூபாய் ஆயிற்று. இந்தியா இம்முறை அசையவில்லை. இரு ரூபாய்க்கும் இடையிலான வீதம் 1.26க்கு இறங்கியது; நாலாயிரம், 5,040 ஆகியது.

பதினேழு மாதங்கள்

1966 ஜூனுக்கும் 1967 நவம்பருக்கும் இடைப்பட்ட பதினேழு மாதங்களே, இலங்கையில் சேமித்த ஒருவர் இந்தியா திரும்புவதற்கு வீத அளவில் மிகச் சாதகமான காலம். அக்காலத்தில் ஒப்பந்தம் எந்நிலையில் இருந்தது? அதனை நடைமுறைப்படுத்தும் இலங்கைச் சட்டம் 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகத்தான் நிறைவேறியது. குடியுரிமைக்கான விண்ணப்பங்கள் 1968 தொடங்கி 1970 வரை பெறப்பட்டன. பெருந்தொகையினர் கப்பலேறியது அதன் பின்னரே. அதாவது, 1.575 என்ற வீதம் நடைமுறையில் இருந்தபோது ஒப்பந்தம் பெரும்பாலும் தாளிலேயே இருந்தது. ஒப்பந்தம் செயலுக்கு வந்தபோது அவ்வீதம் மறைந்துவிட்டது. இதில் எவரின் சூழ்ச்சியையும் தேட வேண்டியதில்லை. நிதியமைச்சின் நாட்காட்டியும் குடியகல்வுத் துறையின் நாட்காட்டியும் வெவ்வேறு சுவர்களில் தொங்கின. இரண்டையும் ஒருங்கே பார்த்தவர் இலர்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தைக் கருத வேண்டும். மதிப்புக் குறைப்புக்குப் பின் இந்தியாவில் விலைவாசி ஏறியது. 1965–67 வறட்சி உணவுப்பொருள் விலையை மேலும் உயர்த்தியது. ஆகவே 6,300 இந்திய ரூபாயின் வாங்கும் ஆற்றல் 1964ஆம் ஆண்டின் நாலாயிரத்தைவிட அதே விகிதத்தில் மிகுந்திருந்தது என்று கொள்ள இயலாது. இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆயின் அது இக்கட்டுரையின் வாதத்தைத் தளர்த்தவில்லை. மாறாக, பின்வந்தோரின் நிலையை மேலும் இருளச் செய்கிறது. வீதம் இறங்கியபோது இந்திய விலைகள் அதற்கேற்ப இறங்கவில்லை.

இரட்டை வீதம்

1968 மே மாதம் இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டுவோர் அதிகாரபூர்வ விலைக்கு மேல் 44 விழுக்காடு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அக்கூடுதல் 1969இல் 55 விழுக்காடாகவும் 1972இல் 65 விழுக்காடாகவும் உயர்ந்தது. அரிசி முதலிய இன்றியமையாப் பொருள்களின் இறக்குமதிக்கு விலக்கு இருந்தது. ஏற்றுமதித் தரப்பில் தேயிலை, இரப்பர், தெங்குப் பொருள்கள் இச்சான்றிதழின் பயனைப் பெறவில்லை. அவை ஈட்டிய டாலர் பழைய குறைந்த வீதத்திலேயே மாற்றப்பட்டது.

இதனை ஊன்றி நோக்குதல் தகும். மலையகத் தொழிலாளர் பறித்த கொழுந்து ஈட்டிய செலாவணி மலிவான வீதத்தில் அரசின் கைக்குச் சென்றது. அதே செலாவணி வேறு துறையினர்க்கு உயர்ந்த வீதத்தில் விற்கப்பட்டது. இவ்விடைவெளி தோட்டத் துறையின் மீது சாற்றப்பட்ட பெயரிடாத வரி. தோட்டத்தின் வருவாயை அது குறைத்தது. வருவாயிலிருந்து வரவேண்டிய கூலியை அது தொடாதிருந்திருக்க முடியாது.

மாற்று வீதக் கணக்கிலும் இதனால் சிக்கல் தோன்றுகிறது. 44 விழுக்காட்டுக் கூடுதலுடன் கணக்கிட்டால் டாலரின் விலை 8.57 இலங்கை ரூபாய். இந்திய ரூபாயுடன் ஒப்பிட 0.875. அதிகாரபூர்வமாக 1.26, சான்றிதழ்வழி 0.875 என ஒரே நாளில் இரு வீதங்கள். ஒரு குறிப்பிட்ட பணம் எந்த வீதத்தில் மாற்றப்பட்டது என்பதை வங்கிச் சீட்டும் குடும்ப ஆவணமுமே உறுதிசெய்யும். இக்கட்டுரையின் கணக்குகள் அதிகாரபூர்வ வீதத்தையே பின்பற்றுகின்றன. வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் ஆய்வாளர், ‘எவ்வளவு கொண்டுவந்தீர்கள்?’ என்ற வினாவுடன் ‘அங்கே கட்டிய தொகை எவ்வளவு, இங்கே கையில் பெற்றது எவ்வளவு?’ என்ற வினாவையும் சேர்த்துக் கேட்பது நலம். உண்டியல்வழி வந்த பணத்துக்கு இவ்விரு வீதங்களும் பொருந்தா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

1971க்குப் பின் உலக நாணய ஒழுங்கு கலைந்தபோது இரு நாடுகளும் டாலர், பவுண்டு, நாணயத் தொகுதி என வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு நங்கூரங்களைப் பற்றின. 1970களின் நடுப்பகுதியிலும் அதிகாரபூர்வக் கணக்கில் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயைவிடச் சற்று உயர்ந்தே இருந்தது.

1977 நவம்பரும் பின்னரும்

ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு 1977 நவம்பரில் இரட்டை வீதத்தை நீக்கி, ரூபாயை டாலருக்கு ஏறத்தாழ 16 என்ற அளவில் மிதக்க விட்டது. அப்போது இந்தியாவில் டாலரின் விலை எட்டரை ரூபாய் அளவு. ஆகவே ஓர் இலங்கை ரூபாய் அரை இந்திய ரூபாயைச் சற்றே தாண்டியதாயிற்று. 1983இல் இலங்கையில் டாலர் 23 ரூபாயைக் கடந்திருந்தது. இந்தியாவில் 10 ரூபாயை ஒட்டியிருந்தது. வீதம் ஏறத்தாழ 0.43.

ஒப்பந்தத்தின் நாலாயிரத்தை இனி ஒருமுறை பின்தொடரலாம். 1964இல் அது நாலாயிரம் இந்திய ரூபாய். 1966 ஜூனில் 6,300. 1967 இறுதியில் 5,040. 1977 இறுதியில் 2,100க்கும் 2,200க்கும் இடைப்பட்டது. 1983இல் 1,700 அளவு. சட்டத்தின் சொல் மாறவில்லை. உச்சவரம்பை இலங்கை உயர்த்தியிருந்தாலும் இக்கணக்கின் சாரம் மாறாது. வரம்பு எதுவாயினும், சேமித்த ஒவ்வோர் ஆயிரமும் இதே வழியில்தான் இறங்கியது.

சேமலாப நிதியில் இவ்வீழ்ச்சி கூர்மையாகத் தெரியும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அந்நிதியில் ஒரு தொழிலாளி 1960களின் முற்பகுதியில் செலுத்திய நூறு ரூபாய், செலுத்திய நாளில் நூறு இந்திய ரூபாய். 1970இல் புறப்பட்டவர்க்கு அது, வட்டியை விடுத்துப் பார்த்தால், 126. 1978இல் புறப்பட்ட அவர் உறவினர்க்கு 54 அளவு. ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே கூலி. யார் எப்போது புறப்படுவது என்பதை முடிவு செய்தது இந்தியத் தூதரகம் கடவுச்சீட்டு வழங்கிய வரிசையும், இலங்கை அரசு குடியகல்வு உத்தரவு அளித்த வரிசையுமே.

இவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் நீலகிரியும் ஒன்று. தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்க 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பகுதிக் குடியிருப்புகளில் முதல் தொகுதியாக வந்தோரும் பின்னர் வந்தோரும் அருகருகே வாழ்கின்றனர். ‘முன்னே வந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், பின்னே வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற வகையான நினைவுகளைக் கேட்கும் ஆய்வாளர், அவற்றை உறவினர் பொறாமையாகவோ தனிமனிதச் சிக்கனத்தின் வேறுபாடாகவோ விளக்குமுன், புறப்பட்ட ஆண்டின் வீதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1983 வன்செயல்களுக்குப் பின், 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றது; அதனோடு ஒப்பந்தவழி அனுப்புதலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கப்பலேறாத பலர் மலையகத்திலேயே தங்கிவிட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்க வழிசெய்தது. எஞ்சியோரின் சேமிப்பு இலங்கை ரூபாயாகவே நின்றுவிட்டது. அதனை மாற்ற வேண்டிய தேவை அவர்களுக்கு நேரவில்லை.